எச். ஏ. கிருட்டிணபிள்ளையின் விவிலிய வாசிப்பும் இரட்சணிய யாத்திரிகமும்

நெல்லைச் சீமையின் கரையிருப்பு என்னும் ஊரில் 1827ஆம் ஆண்டு வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்தவர் கிருட்டிணபிள்ளை. கம்பராமாயணத்தில் தோய்ந்த தந்தையிடமிருந்து அவர் பெற்றது பாடல் அறிவு மட்டுமன்று. ஒரே பாடலை மீள மீள ஓதி அதில் உள்ளம் கரையும் பழக்கமும் அவ்வீட்டிலேயே வேரூன்றியது எனக் கருத இடமுண்டு. 1853இல் சாயர்புரத்தில் தமிழாசிரியராகப் பணியேற்றபின் விவிலியம் அவர் கைக்கு வந்தது. உறவும் ஊரும் எதிர்நின்ற நிலையில், வாசிப்பும் நண்பர்தம் உரையாடலும் நெஞ்சில் நிகழ்த்திய நெடும் போராட்டத்திற்குப் பின் 1858இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றார். சமயம் மாறிற்று, ஓதும் முறை மாறவில்லை.

1894இல் நூலாக வெளிவந்த இரட்சணிய யாத்திரிகம் ஐந்து பருவங்களும் 3766 பாடல்களும் கொண்டது. சான் பனியனின் ஆங்கில உருவகக் கதையே இதற்கு முதனூல். ஆய்வாளர் பலர் வழிநூல் எனச் சுட்டி அவ்வளவில் அமைவர். பனியன் விரித்துரைக்காத கிறித்துவின் பாடுகளை இரட்சணிய சரித படலம் விரித்துப் பாடுவதை அவர்கள் போதிய அளவு கருதவில்லை. இப்பகுதிக்கு மூலம் பனியன் அல்லர், நற்செய்தி நூல்களே.

சேவகர் இயேசுவைப் பிடித்துக் கட்டினர் என்று யோவான் நற்செய்தி ஒரே தொடரில் கூறிக் கடந்துவிடுகிறது. கிருட்டிணபிள்ளை அவ்விடத்திலேயே நின்றுவிடுகிறார். கட்டப்பட்டவர் ஏன் அறுத்துக்கொண்டு வெளியேறவில்லை என்னும் வினா அவரைத் தடுத்து நிறுத்துகிறது. அவரைப் பிணித்தது கயிறன்று, பகைத்தோர்மீது அவர் கொண்ட அன்பே என விடை காண்கிறார். லூக்கா மட்டுமே குறிப்பிடும் மன்னிப்பு வேண்டலையும், சதை கிழிந்து தவிக்கும் உடலின் நோவோடு பொருத்திக் காட்டுகிறார். செய்தி அறியப் படிப்பவர்க்கு இத்தகைய பொருள் புலப்படாது. ஒரு சொல்லின்முன் நெடுநேரம் தங்கியிருப்பவர்க்கே அது வாய்க்கும். கிறித்தவக் கம்பர் என்னும் பட்டம் அவருடைய யாப்பாற்றலுக்குப் பொருந்தும். இத்தியான வாசிப்பை அது சுட்டுவதில்லை.

காப்பியத்தின் இடையிடையே அமைந்த தேவாரப் பாடல்களில் கதை நின்று, வாசித்தவரின் வேண்டுதல் மட்டும் ஒலிக்கிறது. 1899இல் வெளிவந்த இரட்சணிய மனோகரத்தில் கதையே இல்லை. தன் குறையைச் சொல்லி இறைவனிடம் முறையிடும் பாக்களே நிறைந்துள்ளன. மறு ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள் அவர் மறைந்தார்.