கணக்குக் கேட்ட பேராசிரியர்: டாக்டர் மால்கம் ஆதிசேஷய்யா



தண்ணி டேங்க் நமக்குத் தெரியும். டீசல் டேங்க்கும் தெரியும். பேப்பரில் அடிக்கடி 'திங்க் டேங்க்' என்று போடுகிறார்களே, அது என்ன டேங்க்? அரசு ஒரு திட்டம் போடும்போது, அது சரியா தப்பா என்று புள்ளிவிவரத்தோடு ஆராய்ந்து சொல்லும் ஆய்வு நிறுவனத்துக்குத்தான் அந்தப் பெயர். தமிழ்நாட்டில் அப்படி ஒன்றைத் தன் சொந்தச் சேமிப்பைப் போட்டு ஆரம்பித்தவர் வேலூரில் பிறந்த ஒரு தமிழர். பாலிடெக்னிக் படிக்கும் நாம் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய மனிதர் அவர்.

வேலூர் முதல் பாரிஸ் வரை

மால்கம் ஆதிசேஷய்யா 1910-ஆம் ஆண்டு ஏப்ரல் 18-ஆம் தேதி பிறந்தார். தந்தையார் வேலூர் ஊரீசு கல்லூரிப் பேராசிரியர். மகனும் அதே கல்லூரியில் படித்து, பிறகு சென்னை லயோலா, அதன்பின் கேம்பிரிட்ஜ், லண்டன் என்று போய்ப் பொருளாதாரத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். கல்கத்தாவில் புனித பால் கல்லூரியிலும், 1940 முதல் 1946 வரை நம்ம தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியிலும் பாடம் நடத்தினார். வறுமை என்பது போர்டில் எழுதிப்போட்டு விளங்குகிற விஷயம் இல்லை என்பது அவர் எண்ணம். அதனால் மாணவர்களைச் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்குப் போய்ப் பார்க்கச் செய்தார்.

1948-இல் யுனெஸ்கோவில் சேர்ந்தார். பாரிஸில் தலைமை அலுவலகம். படிப்படியாக உயர்ந்து 1963-இல் துணைத் தலைமை இயக்குநர் ஆனார். கல்விக்குச் செய்யும் செலவு தர்மம் அல்ல, ஒரு நாடு போடுகிற முதலீடு என்ற கருத்தை உலக அரங்கில் வலியுறுத்தியவர்களில் அவர் முக்கியமானவர்.

சொந்தப் பணத்தில் ஒரு நிறுவனம்

1970-இல் ஓய்வு. அறுபது வயசு. பெரிய பதவியில் இருந்தவர். வெளிநாட்டிலேயே நிம்மதியாக இருந்திருக்கலாம். ஆனால் அவர் ஊர் திரும்பினார். 1971-இல் அவரும் மனைவி எலிசபெத் அம்மையாரும் சேர்ந்து, சேர்த்துவைத்த பணத்தைப் போட்டு, சென்னை அடையாறு காந்தி நகரில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார்கள்.

இந்த 1971-ஐக் கொஞ்சம் கவனியுங்கள். தமிழ்நாட்டில் மாநிலத் திட்டக்குழு அமைக்கப்பட்டது அதே வருஷம். நம்ம வல்லம் வடகாலிலும் ஒரகடத்திலும் தொழிற்பூங்கா போட்டிருக்கிற சிப்காட் பிறந்ததும் அதே வருஷம்தான். திட்டம் போட ஓர் அமைப்பு, தொழிற்சாலைக்கு இடம் கொடுக்க ஓர் அமைப்பு, இதனால் ஜனங்களுக்கு என்ன கிடைத்தது என்று கணக்குப் பார்க்க ஓர் அமைப்பு. முதல் இரண்டையும் அரசு ஆரம்பித்தது. மூன்றாவதை ஆரம்பித்தவர்கள் ஒரு தம்பதியர்!

நமக்குப் புரிகிற பாஷையில் சொன்னால், இது இன்ஸ்பெக்‌ஷன் டிபார்ட்மெண்ட். பீஸ் ஓட்டுகிறவரே தன் பீஸுக்கு 'ஓகே' போட்டுக்கொண்டால் ரிஜெக்‌ஷன் எப்படித் தெரியும்? அரசின் திட்டத்துக்கும் கேஜ் வைத்துப் பார்க்க ஆள் வேண்டும் அல்லவா?

சரி, கணக்குப் பார்த்து என்ன ஆகும்? ஓர் உதாரணம். தமிழக அரசின் நிதித்துறைச் செயலராக இருந்த எஸ்.குகன் பிறகு இந்த நிறுவனத்துக்கு ஆராய்ச்சி செய்ய வந்தார். அமைப்புசாரா ஏழைகளுக்கு முதியோர் பென்ஷன் முதலிய பாதுகாப்பு கொடுத்தால் எவ்வளவு செலவாகும், நாட்டால் தாங்க முடியுமா என்று 1992-இல் கணக்கோடு எழுதினார். 1995 ஆகஸ்ட் 15-இல் மத்திய அரசு தேசிய சமூக உதவித் திட்டத்தைத் தொடங்கியபோது முதியோர் பென்ஷன், குடும்ப உதவி, மகப்பேறு உதவி மூன்றும் அதில் இருந்தன. ஒரு கட்டுரையால் மட்டுமே சட்டமோ திட்டமோ வந்துவிடாது. ஆனால் 'பணம் இல்லை' என்று சொல்லித் தட்டிக்கழிக்கிற வாயை அடைக்கக் கையில் கணக்கு வேண்டும்.

நமக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்?

இருக்கிறது! 1975 முதல் 1978 வரை அவர் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். அந்தச் சமயத்தில் பிளஸ் டூ தொழிற்கல்வியைப் பரிசீலிக்க மத்திய அரசு அமைத்த குழுவுக்குத் தலைவராகி 1978-இல் அறிக்கை கொடுத்தார். எந்தத் தொழிற்பிரிவு ஆரம்பிப்பது என்று ஆபீஸில் உட்கார்ந்து முடிவு செய்யக்கூடாது, முதலில் அந்த வட்டாரத்தில் என்ன வேலை இருக்கிறது என்று சர்வே எடுக்க வேண்டும் என்றது அறிக்கை. அதே 1978-இல் தமிழ்நாட்டில் பிளஸ் டூ வந்தது. பிளஸ் டூ தொழிற்பிரிவு முடித்துவிட்டு நேரடியாக இரண்டாம் வருஷம் சேர்கிற நண்பர்கள் வந்த பாதையில் அவர் பெயரும் இருக்கிறது. அந்த ஆண்டே ராஜ்யசபை நியமன உறுப்பினராகி 1984 வரை பணியாற்றினார்.

ஒரு சிக்கல்

இன்ஸ்பெக்டருக்குச் சம்பளம் யார் கொடுப்பது? இதுதான் உலகத்தில் எல்லா திங்க் டேங்குக்கும் உள்ள தலைவலி. கம்பெனி பணம் கொடுத்தால் கம்பெனிக்குப் பிடித்த ரிசல்ட் வருமோ என்ற சந்தேகம். அரசு கொடுத்தால் அரசைக் கேள்வி கேட்க நாக்கு எழுமா என்ற பயம். ஆதிசேஷய்யாவின் நிறுவனமும் 1977-இல் மத்திய அரசின் சமூக அறிவியல் ஆராய்ச்சிக் குழுவும் தமிழக அரசும் சேர்ந்து நிதி தரும் தேசிய நிறுவனமாக மாறியது. ஆனாலும் 1988-இல் தமிழகப் பொருளாதாரத்தின் நிறைகுறைகளை அலசி ஒரு முழுப் புத்தகமே போட்டது. பணம் எங்கிருந்து வருகிறது என்பதை மறைக்காமல், கணக்கை எல்லோரும் சரிபார்க்கும்படி அச்சில் போடுவதுதான் இதற்கு உள்ள ஒரே மருந்து.

முதலாளிகள் தரப்பில் பேச, இந்தியத் தொழில் கூட்டமைப்பு போன்ற அமைப்புகள் புள்ளிவிவரத்தோடு டெல்லி வரை போகின்றன. போகட்டும், அது அவர்கள் உரிமை. நம்ம பக்கம் பேச என்ன இருக்கிறது? 2024-இல் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பு திறக்கப்பட்டது. சந்தோஷம்! ஆனால் சுற்றியுள்ள கிராமங்களில் வீட்டு வாடகை எவ்வளவு ஏறியது? டிரெய்னியாகப் போகிற டிப்ளமோக்காரர்களில் எத்தனை பேர் பர்மனென்ட் ஆனார்கள்? ஏரித் தண்ணி எந்த மாசம் வரை நிற்கிறது? டீக்கடையில் இதைப் பேச ஆயிரம் பேர் உண்டு. நோட்டில் எழுதிவைக்க எத்தனை பேர்?

டாக்டர் ஆதிசேஷய்யா 1994-இல் மறைந்தார். அவர் பெயரிலும் எலிசபெத் அம்மையார் பெயரிலும் உள்ள அறக்கட்டளை வளர்ச்சி ஆய்வாளர்களுக்கு விருது வழங்குகிறது. விருது வாங்க நாம் ஆய்வாளர் ஆக வேண்டும் என்பதில்லை. வெர்னியர் பிடித்து 0.02 மில்லிமீட்டர் வரை அளக்கக் கற்ற கை நம்முடையது. அந்தக் கையால் நம் ஊரையும் கொஞ்சம் அளந்து பார்ப்போம், நண்பர்களே! வேலைக்குப் போன சீனியர்கள் பத்துப் பேரிடம் சம்பளம், ஷிப்ட், வாடகை மூன்றையும் கேட்டு ஒரு பக்கம் எழுதினால் போதும், நம்ம கணக்கு அங்கிருந்து தொடங்கிவிடும்.