ஜார்ஜ் பீச்சம்

ஜார்ஜ் பீச்சம் (மார்ச் 18, 1899 – மார்ச் 30, 1941) ஓர் அமெரிக்க இசைக்கலைஞரும் கருவிப் புனைவாளரும் ஆவார். உடலும் கழுத்தும் அலுமினியத்தில் ஒரே வார்ப்பாக அமைந்த மின்கிதாரை உருவாக்கியவர் இவர். வணிக வெற்றி பெற்ற முதல் மின்கிதார் இதுவேயாகும். வட்டமான சிறிய உடலும் நீண்ட கழுத்தும் கொண்டிருந்ததால் இது வறுவல் சட்டி என்று பொருள்படும் "ஃபிரையிங் பேன்" என்னும் செல்லப்பெயரால் அறியப்படுகிறது.

இளமையும் இசையும்

பீச்சம் டெக்சாஸ் மாநிலத்தின் கோல்மன் கவுண்டியில் பிறந்தார். வயலினும் ஹவாய் கிதாரும் வாசிக்கக் கற்று, வாடவில் எனப்படும் பல்சுவை மேடை நிகழ்ச்சிகளில் பங்கேற்றார். பின்னர் லாஸ் ஏஞ்சலீஸ் நகரில் குடியேறினார். 1915ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோவில் நடந்த உலகக் கண்காட்சிக்குப் பின்னர் ஹவாய் இசை அமெரிக்காவில் பெரும் வரவேற்பைப் பெற்றிருந்தது. ஹவாய் முறையில் கிதாரை மடியில் கிடத்தி, கம்பிகளின் மேல் எஃகுத் துண்டை நகர்த்தி வாசிப்பர். ஆனால் பித்தளை ஊதுகருவிகளும் முரசுகளும் ஒலிக்கும் மேடையில் கிதாரின் மெல்லிய ஒலி எடுபடவில்லை. இக்குறையைப் போக்குவதே பீச்சமின் வாழ்நாள் முயற்சியாக அமைந்தது.

ஒத்ததிர்வுக் கிதார்

பீச்சமின் வேண்டுகோளை ஏற்று, ஜான் டோப்பெரா என்னும் கருவி செய்வோர் உரத்து ஒலிக்கும் கிதார் ஒன்றை உருவாக்கினார். இதன் உலோக உடலுக்குள் மூன்று மெல்லிய அலுமினியக் கூம்புகள் அதிர்ந்து ஒலியைப் பெருக்கின. இக்கருவியைச் செய்து விற்க 1920களின் பிற்பகுதியில் நேஷனல் நிறுவனம் தோற்றுவிக்கப்பட்டது. உலோக உடல்களை அடால்ஃப் ரிக்கன்பேக்கர் என்பவரின் பட்டறை செய்து கொடுத்தது. ஒற்றைக் கூம்பு அமைப்பு எவருடைய கருத்து என்பதில் பீச்சமுக்கும் டோப்பெராவுக்கும் பிணக்கு எழுந்தது. டோப்பெரா பிரிந்து சென்று டோப்ரோ நிறுவனத்தைத் தொடங்கினார். 1931இல் பீச்சமும் நேஷனலை விட்டு நீங்கினார்.

வீட்டில் உருவான கருவி

நேஷனலில் பணியாற்றிய காலத்திலேயே பீச்சம் மின்சார வழியை ஆராயத் தொடங்கியிருந்தார். ஒரு மரச்சட்டத்தில் ஒற்றைக் கம்பியைக் கட்டி, இசைத்தட்டு இயந்திரத்தின் ஒலியுணரியைப் பொருத்திச் சோதித்தார். மின்னியல் பயில இரவு வகுப்புகளுக்கும் சென்றார். நேஷனலில் உடன் பணியாற்றிய பால் பார்த் இவருக்குத் துணை நின்றார். வீட்டின் சாப்பாட்டு மேசையே இவர்களின் ஆய்வுக்கூடமாயிற்று. கம்பிச்சுருளைச் சுற்றுவதற்குச் சலவை இயந்திரத்தின் மோட்டாரைப் பயன்படுத்தினர்.

இறுதியில் உருவான அமைப்பு மின்காந்தத் தூண்டல் தத்துவத்தில் இயங்கியது. இரண்டு லாடக் காந்தங்களின் நடுவே ஆறு எஃகுக் கம்பிகள் செல்லும். அவற்றின் அடியில் கம்பிச்சுருள் இருக்கும். கம்பி அதிரும்போது காந்தப்புலம் மாறி, சுருளில் நுண்ணிய மின்னோட்டம் தோன்றும். அதனை மிகைப்பி பெருக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்பும். உள்ளீடற்ற பெரிய மரப்பெட்டி இனித் தேவையில்லை என்பதே இதன் முக்கிய விளைவாகும்.

நேஷனலின் முன்னாள் பணியாளரான ஹாரி வாட்சன் என்னும் கைவினைஞர், அரம் முதலிய எளிய கைக்கருவிகளால் சில மணி நேரத்தில் முதல் மாதிரியை மரத்தில் செதுக்கினார். 1931இல் ரிக்கன்பேக்கருடன் இணைந்து ரோ-பாட்-இன் என்னும் நிறுவனம் தொடங்கப்பட்டது. 1932இல் விற்பனைக்கு வந்த கருவிகள் அலுமினியத்தில் வார்க்கப்பட்டவை. ஏ-22, ஏ-25 என இரு அளவுகளில் அவை வெளிவந்தன.

அலுமினியத்தின் நிறையும் குறையும்

அலுமினியம் காந்தத்தால் ஈர்க்கப்படுவதில்லை, எடை குறைந்தது, வார்ப்பதற்கு எளியது. கழுத்தும் உடலும் ஒரே துண்டாக இருந்ததால் இணைப்பு தளரும் அச்சமும் இல்லை. எனினும் வெப்பத்தில் அலுமினியம் எஃகைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு விரிவடையும். மேடை விளக்குகளின் சூட்டில் கழுத்து நீண்டு சுருதி மாறியது. இதனால் 1935இல் பேக்கலைட் என்னும் நெகிழியால் செய்த கிதாரை நிறுவனம் வெளியிட்டது.

காப்புரிமைத் தாமதம்

பீச்சம் 1932இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1934இல் திருத்திய விண்ணப்பம் அளித்தார். இது இசைக்கருவியா மின்கருவியா என்ற குழப்பமும், இது உண்மையில் இயங்குமா என்ற ஐயமும் அலுவலர்களுக்கு இருந்தன. அவர்களுக்கு மெய்ப்பித்துக் காட்டுவதற்காக, சோல் ஹூபி உள்ளிட்ட ஹவாய் கிதார் கலைஞர்கள் வாஷிங்டனுக்கு அனுப்பப்பட்டு நேரில் வாசித்துக் காட்டினர். 1937 ஆகத்து 10 அன்றுதான் 2,089,171 என்னும் எண்ணுடைய காப்புரிமை கிடைத்தது. அதற்குள் கிப்சன் முதலிய நிறுவனங்கள் மின்கிதார்களை விற்கத் தொடங்கிவிட்டன. தொடக்க விற்பனையும் பொருளாதாரப் பெருமந்தத்தால் குன்றியிருந்தது. எனவே கண்டுபிடிப்பின் பெரும்பயன் பிறரையே சென்றடைந்தது.

இறுதிக்காலம்

மனச்சோர்வுற்ற பீச்சம் 1940இல் நிறுவனத்தை விட்டு விலகினார். மீன்பிடித் தூண்டிலுக்கான செயற்கை இரைகளை வடிவமைப்பதில் நாட்டம் கொண்டு, அத்தொழிலுக்கு முதல் திரட்டுவதற்காகத் தம் பங்குகளை விற்றார். 1941இல் லாஸ் ஏஞ்சலீசுக்கு அருகே கடலில் மீன்பிடித்துக் கொண்டிருந்தபோது மாரடைப்பால் காலமானார். அப்போது இவருக்கு வயது 42.

தாக்கம்

1953இல் ரிக்கன்பேக்கர் தமது நிறுவனத்தை எஃப். சி. ஹால் என்பவருக்கு விற்றார். 1960களில் பீட்டில்ஸ் குழுவினர் கையாண்டதால் ரிக்கன்பேக்கர் கிதார்கள் உலகப்புகழ் பெற்றன. அக்கருவிகளில் பீச்சமின் பெயர் இடம்பெறவில்லை. எனினும் அதிரும் எஃகுக் கம்பி, காந்தம், கம்பிச்சுருள் ஆகிய மூன்றும் இணைந்த இவரது அடிப்படை அமைப்பையே பெரும்பாலான மின்கிதார்கள் இன்றும் பின்பற்றுகின்றன.