400 படங்களை உடைத்த புகைப்படக் கலைஞர்

1915ஆம் ஆண்டு நவம்பர் 9. அண்டார்க்டிக்காவின் வெடல் கடலில் மிதந்துகொண்டிருந்த பனிப்பாளம் ஒன்றின் மேல் இருவர் அமர்ந்திருந்தனர். ஒருவர் பயணக் குழுவின் தலைவர் எர்னஸ்ட் ஷேக்கல்டன். மற்றவர் குழுவின் புகைப்படக் கலைஞர் ஃபிராங்க் ஹர்லி. அவர்கள் முன்னால் ஐந்நூறுக்கும் மேற்பட்ட கண்ணாடி நெகட்டிவ்கள் இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்கள். வேண்டியதைத் தனியே வைத்தார்கள். வேண்டாததை அங்கேயே உடைத்தார்கள்.

அன்று தப்பியவை சுமார் 120. நொறுங்கியவை சுமார் 400.

கைப்பேசியில் ஆயிரக்கணக்கான படங்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு, ஒன்றைக்கூட அழிக்க மனமில்லாத நமக்கு இது விளங்காத செயலாகத் தோன்றலாம். ஆனால் ஹர்லியின் கதையை அறிந்தால் அந்த முடிவின் கனம் புரியும்.

ஹர்லி 1885இல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் பிறந்தார். 13 வயதில் வீட்டைவிட்டு ஓடிப்போய் எஃகு ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். 17 வயதில் தவணை முறையில் பணம் கட்டித் தம் முதல் கேமராவை வாங்கினார். பிறகு சிட்னியில் அஞ்சலட்டைப் படங்கள் எடுத்து விற்கும் தொழிலில் இறங்கினார்.

1911இல் டக்ளஸ் மாசன் தலைமையிலான அண்டார்க்டிக் ஆய்வுக் குழுவில் இடம்பிடித்தார். அக்குழு முகாமிட்ட இடத்தில் காற்று ஆண்டு முழுவதும் சராசரியாக மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வீசியது. நிற்பதே பெரும்பாடாக இருந்த அந்த இடத்தில் அவர் முக்காலியை நிறுத்திப் படம் எடுத்தார்.

அக்காலத்துப் பெரிய கேமராவில் ஒரு படத்துக்கு ஒரு கண்ணாடித் தகடு தேவை. தகடு ஏறக்குறைய ஒரு நோட்டுப் புத்தகத்தின் அளவில் இருக்கும். கேமராவை முக்காலியில் பொருத்தி, தலையைக் கறுப்புத் துணியால் மூடிக்கொண்டு, பின்பக்கக் கண்ணாடியில் தலைகீழாகத் தெரியும் காட்சியைப் பார்த்துத்தான் குவியத்தைச் சரிசெய்ய வேண்டும். கடுங்குளிரில் மூச்சுக்காற்றே அந்தக் கண்ணாடியில் பனியாகப் படியும். கையுறையைக் கழற்றினால் உலோகத்தில் விரல் ஒட்டிக்கொள்ளும். படத்தைக் கழுவுவதற்கான தண்ணீருக்கும் பனிக்கட்டியை உருக்க வேண்டும்.

1914இல் ஹர்லி ஷேக்கல்டனின் ‘எண்டியூரன்ஸ்’ கப்பலில் புறப்பட்டார். அண்டார்க்டிக்காவைக் குறுக்கே கடப்பது குழுவின் திட்டம். ஆனால் 1915 ஜனவரியில் கப்பல் பனியில் சிக்கியது. மாதங்கள் கடந்தன. சூரியன் தலைகாட்டாத துருவக் குளிர்காலமும் வந்தது. ஹர்லி சும்மா இருக்கவில்லை. ஆகஸ்ட் மாத இரவு ஒன்றில் கப்பலைச் சுற்றி ஏறக்குறைய 20 இடங்களில் வெளிச்சம் தரும் வெடித்தூளைக் கொளுத்தி, கப்பலைப் படம் பிடித்தார். கறுத்த வானத்தின் நடுவே வெண்மையாக, ஆவிபோல் நிற்கும் அந்தக் கப்பலின் படம் இன்றும் உலகப் புகழ்பெற்றது.

அக்டோபர் 27ஆம் தேதி, பனியின் அழுத்தத்தில் நொறுங்கிய கப்பலைக் கைவிட நேர்ந்தது. 28 பேரும் பனிப்பாளத்தில் கூடாரம் அடித்தனர். நெகட்டிவ்களோ கப்பலுக்குள்ளேயே கிடந்தன. சில நாள்கள் கழித்து ஹர்லி திரும்பிச் சென்றார். சுவரை வெட்டித் திறந்தார். மேலாடைகளைக் களைந்துவிட்டு, ஒரு மீட்டருக்கும் அதிக ஆழத்துக்குத் தேங்கியிருந்த பனிச்சேற்று நீரில் மூழ்கிப் பெட்டிகளை வெளியே எடுத்தார். ஓரங்களைப் பற்றவைத்து மூடிய தகரப் பெட்டிகளுக்குள் இருந்ததால் தகடுகள் பிழைத்தன.

உயிரைப் பணயம் வைத்து மீட்ட அதே தகடுகளைத்தான் அடுத்த வாரம் அவர் உடைக்க வேண்டியிருந்தது. இனிச் சிறு படகுகளில்தான் பயணம். அவற்றில் உணவுக்கே இடம் போதாது. அதேவேளையில் படங்களை அடியோடு விட்டுவிடவும் முடியாது. அவற்றின் உரிமையை முன்கூட்டியே விற்றுத்தான் பயணச் செலவின் ஒரு பகுதி திரட்டப்பட்டிருந்தது. ஒதுக்கிய தகடுகளை அப்படியே விட்டுச் சென்றால், மனம் மாறி மறுபடியும் எடுக்கத் தோன்றும். அதனால்தான் உடைத்தார்கள்.

கேமராக்களையும் ஹர்லி விட்டுவிட்டார். சட்டைப்பைக்குள் அடங்கும் சிறிய கோடாக் கேமராவும் மூன்று பிலிம் சுருள்களும் மட்டுமே மிஞ்சின. அதன்பின் நிகழ்ந்தவற்றை அவற்றைக் கொண்டே பதிவு செய்தார். எலிஃபெண்ட் தீவில் 22 பேர் நான்கு மாதங்களுக்கும் மேல் காத்திருந்து, 1916 ஆகஸ்ட் 30ஆம் தேதி மீட்கப்பட்டனர். 28 பேரும் உயிர் பிழைத்தனர். தகடுகளும் பிழைத்தன.

கதையின் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். 1917இல் ஹர்லி ஆஸ்திரேலியப் படையின் அதிகாரபூர்வப் புகைப்படக் கலைஞராகப் பெல்ஜியப் போர்முனைக்குச் சென்றார். ஒரே தகட்டில் போரின் முழுக் காட்சியும் அடங்காது என்று கருதி, பல நெகட்டிவ்களை ஒன்றாக இணைத்துப் படங்களை உருவாக்கினார். போர்ச் செய்தியாளர் சார்லஸ் பீன் அவற்றைப் போலி என்று கண்டித்தார். எலிஃபெண்ட் தீவிலிருந்து உதவி தேடிப் படகு புறப்பட்டபோது எடுத்த படம்கூட, பின்னாளில் மாற்றங்களுடன், மீட்பு வந்த நாளின் படமாகக் காட்டப்பட்டது.

நடந்ததற்குச் சாட்சியாகப் பனிச்சேற்று நீரில் மூழ்கித் தகடுகளை மீட்டவரும் அவரே; நடக்காத காட்சியைத் தகடுகளை இணைத்து உருவாக்கியவரும் அவரே. செயற்கை நுண்ணறிவு நொடியில் படம் வரைந்து தரும் இந்நாளில், அந்தப் பழைய சர்ச்சை நமக்கு அந்நியமானதன்று.

ஹர்லி 1962இல், 76 வயதில் சிட்னியில் காலமானார். 2022 மார்ச் மாதம், வெடல் கடலில் சுமார் 3,000 மீட்டர் ஆழத்தில் எண்டியூரன்ஸ் கண்டுபிடிக்கப்பட்டது. அந்தக் கப்பல் பனியில் நிமிர்ந்து நின்ற கோலத்தை நாம் இன்றும் பார்க்க முடிவதற்குக் காரணம், பனிப்பாளத்தின் மேல் உடைபடாமல் ஒதுக்கி வைக்கப்பட்ட அந்த 120 தகடுகளே.