குழலிசை மேதை சரப சாஸ்திரியார்

கும்பகோணத்தில் வாழ்ந்த இசைவாணருள் சரப சாஸ்திரியார் தனிச் சிறப்புடையவர். 1872ஆம் ஆண்டில் பிறந்த அவர், குழந்தைப் பருவத்திலேயே கண்ணொளியை இழந்தார். 32 ஆண்டுகளே வாழ்ந்து 1904இல் மறைந்தார். எனினும், புல்லாங்குழலைக் கருநாடக இசையரங்கில் தனிக் கச்சேரிக்குரிய வாத்தியமாக உயர்த்திய பெருமை அவரைச் சாரும்.

மூங்கில் குழலில் சுரத்தானங்களைக் கண்ணுக்குக் காட்டும் மெட்டுகள் இல்லை. துளையை விரல் பாதி மூடினால் ஒரு சுரம். மூச்சைச் சற்று அழுத்தினால் சுருதியே மாறிவிடும். சரியா, பிழையா என்று தீர்ப்பளிப்பது செவி ஒன்றே. அந்தச் செவியைச் சாஸ்திரியார் இடையறாப் பயிற்சியால் கூர்மைப்படுத்தினார். வாய்ப்பாட்டின் குழைவையும் நெளிவையும் குழலில் கொணர்ந்தார். அவருடைய மாணவர் பல்லடம் சஞ்சீவ ராவ் அம்மரபை 1962 வரை வளர்த்தார்.

பார்வையற்றோர்க்கு இசை தெய்வம் தந்த ஈடு என்று பலர் கூறுவர். 2004இல் கனடா நாட்டின் மாண்ட்ரியால் நகரத்து ஆய்வாளர்கள் கண்டது வேறு. மிக இளமையில் பார்வை இழந்தோர், ஒலியின் ஏற்ற இறக்கத்தைப் பிறரினும் நுட்பமாக உணர்ந்தனர். வயது வந்தபின் இழந்தோரிடம் அவ்வாற்றல் மிகுந்து காணப்படவில்லை. வளரும் பருவத்தில், காட்சிக்குரிய மூளைப்பகுதியும் கேட்டலுக்குத் துணைசெய்யப் பழகுகின்றது. ஆகவே, இளமையில் தொடங்கும் பயிற்சியே செல்வம்.

ஆயினும், பயிற்சிக்கு ஒரு வாசல் வேண்டும். அக்காலத்தில் இசை, குரு பாடச் சீடன் கேட்டுப் பாடும் வாய்மொழிக் கல்வியாக இருந்தது. சாஸ்திரியார் பிறந்த குலத்திற்கு அந்த வாசல் திறந்திருந்தது. அதே காலத்தில் நம் சேரிகளில் கண்ணிழந்த குழந்தைகள் எத்தனை பேர்! பறையின் அடியைக் கேட்டே தாளத்தை உள்வாங்கிய செவிகள் அங்கும் இருந்தன. அவர்களை அமர்த்திக் கற்பிக்கத் திண்ணைதான் இல்லை. சாஸ்திரியாரின் புகழை இது குறைப்பதன்று. வாய்ப்பின் அருமையை நமக்கு உணர்த்துவது.

நம் கல்விச் சங்கம் தோன்றியதும் அந்த வாசலைத் திறப்பதற்கே. தருமபுரி மாவட்டத்துச் சிற்றூர்களில் பார்வையற்ற பிள்ளை எவரேனும் வீட்டு மூலையில் முடங்கியிருப்பின், இளைஞர்களே, இரங்கி நிற்பதோடு அமையாதீர்! அப்பிள்ளையின் கைப்பற்றிப் பள்ளிக்கு அழைத்து வாருங்கள். காலம் தாழ்த்தாது அழைத்து வாருங்கள். செவி வளரும் பருவம் நமக்காகக் காத்திராது.