கணக்கில் மூன்று முறை தோற்றவர் தந்த கார்கள்: அலெக் இசிகோனிஸ்

ஜொகூரில் பழைய கார் பிரியர்கள் ஒன்றுகூடும் இடங்களில் இரண்டு கார்கள் பெரும்பாலும் கண்ணில் படும். ஒன்று, உருண்டையான முதுகும் வட்ட விளக்குகளும் கொண்ட மோரிஸ் மைனர். மற்றொன்று, தீப்பெட்டியைப் போல் கச்சிதமான மினி. வயதில் மூத்தவர்கள் அவற்றின் அருகே சற்று நேரம் நின்றுவிட்டுத்தான் நகர்வார்கள். தோட்டத்து டிரெசர் வைத்திருந்த கார், பள்ளித் தலைமையாசிரியர் ஓட்டிய கார், தன்னை முதன்முதலாகப் பட்டணத்துக்கு ஏற்றிச் சென்ற கார் என்று ஏதோ ஒரு நினைவு வரும்.

இந்த இரண்டு கார்களும் ஒரே மனிதரின் சிந்தனையில் பிறந்தவை என்பது பலருக்குத் தெரியாது. அவர் பெயர் அலெக் இசிகோனிஸ். ஆங்கிலேயர்களின் அடையாளமாகவே ஆகிவிட்ட கார்களைத் தந்த அவர் பிறப்பால் ஆங்கிலேயர் அல்லர். பதினைந்து வயதில் வீடு வாசலை இழந்து, கப்பலேறித் தப்பி வந்த அகதி.

ஸ்மிர்னாவில் இருந்து லண்டனுக்கு

இன்று துருக்கியில் இஸ்மிர் என்று அழைக்கப்படும் துறைமுக நகரின் அன்றைய பெயர் ஸ்மிர்னா. 1906 நவம்பர் 18ஆம் தேதி அங்கே இசிகோனிஸ் பிறந்தார். தந்தை கிரேக்க வம்சாவளியினர். பிரிட்டிஷ் குடியுரிமை பெற்றவர். தாயார் ஜெர்மானிய வம்சாவளியினர். குடும்பத்துக்குச் சொந்தமாகக் கப்பல் இயந்திரப் பட்டறை இருந்தது. இரும்பும் எண்ணெயும் மணக்கும் அந்தப் பட்டறையில்தான் சிறுவனுக்கு இயந்திரங்கள் மீது ஆசை பிறந்தது.

1922இல் கிரேக்கர்களுக்கும் துருக்கியர்களுக்கும் நடந்த போரின் முடிவில் ஸ்மிர்னா தீப்பற்றி எரிந்தது. பிரிட்டிஷ் குடிமக்கள் கப்பல்களில் மால்டா தீவுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். இசிகோனிஸ் குடும்பமும் அவர்களோடு போனது. பட்டறை, வீடு, சேமிப்பு எல்லாம் போயின. நோயுற்றிருந்த தந்தை சிறிது காலத்தில் இறந்துவிட்டார். விதவைத் தாயும் ஒரே மகனும் லண்டன் வந்து சேர்ந்தனர்.

அதன் பிறகு தாயும் மகனும் பிரியவே இல்லை. இசிகோனிஸ் திருமணம் செய்துகொள்ளவில்லை. 1972இல் தாயார் இறக்கும் வரை இருவரும் ஒன்றாகவே வாழ்ந்தனர்.

கணக்கு வரவில்லை, கை வந்தது

லண்டனில் பேட்டர்சீ தொழில்நுட்பக் கல்லூரியில் அவர் பொறியியல் படித்தார். படம் வரைவதில் கெட்டிக்காரர். கணக்கில் மட்டும் மூன்று முறை தேர்வெழுதி மூன்று முறையும் தோற்றார். கணிதப் பாடம் கற்பனைக்கு எதிரி என்று பிற்காலத்தில் அவர் சொல்லி வந்ததற்கு இந்த அனுபவமும் ஒரு காரணமாக இருக்கலாம். பட்டப்படிப்புக்குப் போகாமல் டிப்ளோமாவோடு வேலைக்குச் சென்றார்.

கொவன்ட்ரியில் ஹம்பர் நிறுவனத்தில் வேலை பார்த்தவர், 1936இல் ஆக்ஸ்ஃபோர்ட் அருகே கௌலியில் இருந்த மோரிஸ் நிறுவனத்தில் சேர்ந்தார். கார் குலுங்காமல் ஓடச் செய்யும் சஸ்பென்ஷன் அமைப்பே அவருடைய சிறப்புத் துறையானது. ஓய்வு நேரத்தில் ஜார்ஜ் டவ்சன் என்ற நண்பருடன் சேர்ந்து ஒரு சிறிய பந்தயக் காரைத் தம் கையாலேயே செய்தார். பல ஆண்டு உழைப்பில் உருவான அந்தக் காரின் சஸ்பென்ஷனில் எஃகு வில்லுக்குப் பதிலாக ரப்பரைப் பயன்படுத்தினார். இந்த ரப்பர் யோசனை இருபது ஆண்டுகள் கழித்து உலகம் முழுவதும் ஓடப்போகிறது என்று அப்போது யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

நான்கு அங்குலம் கூடிய கார்

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த போதே, போர் முடிந்ததும் சாதாரணக் குடும்பம் வாங்கக்கூடிய ஒரு சிறிய காரை உருவாக்கும் பணி இசிகோனிஸிடம் வந்தது. உதவியாளர்கள் சிலர் மட்டுமே இருந்தனர். கதவுக் கைப்பிடி வரை எல்லாவற்றையும் அவரே வரைந்தார். கனமான அடிச்சட்டம் இல்லாமல் உடலே சட்டமாக அமைந்த கட்டுமானம், சிறிய சக்கரங்கள், சொன்னபடி கேட்கும் ஸ்டீயரிங் என்று அக்காலச் சிறிய கார்களில் அரிதாக இருந்தவை அதில் இடம்பெற்றன.

முதல் மாதிரிக் கார் தயாரானதும் அவருக்குத் திருப்தி இல்லை. ஏதோ ஒல்லியாகத் தெரிந்தது. காரை நடுவில் நீளவாக்கில் வெட்டச் சொன்னார். இரண்டு பாதிகளையும் மெல்ல விலக்கிப் பார்த்து, சரியாகத் தெரிந்த இடத்தில் நிறுத்தினார். இடைவெளி நான்கு அங்குலம். மோரிஸ் மைனரின் முன்மூடியின் நடுவே ஓடும் பட்டையான மேடு அந்த நான்கு அங்குலத்தின் தழும்புதான். பழைய மைனரைப் பார்ப்பவர்கள் இன்றும் அதைத் தொட்டுப் பார்க்கலாம்.

நிறுவன முதலாளி நஃபீல்டு பிரபுவுக்கு இந்தக் கார் பிடிக்கவே இல்லை. வேகவைத்த முட்டையோடு ஒப்பிட்டுக் கேலி செய்தார். ஆனாலும் 1948 அக்டோபரில் லண்டன் கார் கண்காட்சியில் மைனர் வெளிவந்தது. 1960 டிசம்பரில் பத்து லட்சமாவது கார் தயாரானது. பிரிட்டனில் அந்த எண்ணிக்கையைத் தொட்ட முதல் கார் அதுவே. உற்பத்தி 1971 வரை நீடித்தது. மொத்தம் ஏறக்குறைய 16 லட்சம் கார்கள்.

ஜொகூர் சாலைகளுக்கு வந்த கதை

மைனர் பிறந்த 1948ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில்தான் மலாயாவில் அவசரகாலம் பிரகடனம் செய்யப்பட்டது. ஜொகூரின் லாபிஸ், குளுவாங், கூலாய், யோங் பெங் வட்டாரங்கள் அதன் சூட்டை நேரடியாக உணர்ந்தவை. ஊரடங்கும் சோதனைச் சாவடிகளும் அன்றாட வாழ்க்கையாக இருந்த நாள்கள் அவை.

அதே நேரத்தில் பிரிட்டன் போரினால் கடனாளியாகி நின்றது. டாலர் சம்பாதிக்க வேண்டியிருந்ததால், பொருள்களை ஏற்றுமதி செய்யும் ஆலைகளுக்கே எஃகு முன்னுரிமை கொடுத்து வழங்கப்பட்டது. அதனால் பிரிட்டிஷ் கார்களில் பெரும்பகுதி வெளிநாடுகளுக்குக் கப்பலேறியது. இடப்பக்கம் வாகனம் ஓட்டும் மலாயாவுக்கு அவை எந்த மாற்றமும் இன்றிப் பொருந்தின.

பிரிட்டனுக்கு டாலர் ஈட்டித் தந்ததில் மலாயாவின் ரப்பரும் ஈயமும் முன்னணியில் இருந்தன. விடியும் முன்பே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரம் சீவப் போன தமிழ்த் தொழிலாளர்களின் உழைப்பு அந்த வருமானத்தில் கலந்திருந்தது. 1950இல் கொரியப் போர் மூண்டதும் ரப்பர் விலை எகிறியது.

தோட்டத்தில் அதுவரை கார் என்றால் துரையின் கார்தான். மற்றவர்களுக்குச் சைக்கிள், வசதி இருந்தால் மோட்டார் சைக்கிள். மோரிஸ் மைனர், ஆஸ்டின் போன்ற சிறிய பிரிட்டிஷ் கார்கள் வந்த பிறகு பெரிய கிராணி, டிரெசர், ஆசிரியர், பட்டணத்துக் கடைக்காரர் ஆகியோர் வீட்டு வாசலிலும் கார் நிற்கத் தொடங்கியது. பால்மரம் சீவியவருக்கு அது அப்போதும் எட்டாக் கனிதான். ஆனாலும் பிரசவ வலியில் துடித்த பெண்ணைப் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு போகவும், கல்யாணப் பெண்ணைக் கோயிலுக்கு அழைத்து வரவும் இரவல் கேட்கக்கூடிய தூரத்துக்குக் கார் வந்துவிட்டது.

செம்மண் சாலையின் குண்டு குழிகளுக்கு மைனர் அசைந்து கொடுத்தது. அதைவிட முக்கியம், பழுது பார்ப்பது சுலபம். வேறொரு அகலமான இயந்திரத்தை மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்டதால், கடைசியில் பொருத்தப்பட்ட சிறிய இயந்திரத்தைச் சுற்றி நிறைய இடம் மிச்சம் இருந்தது. சாதாரணப் பட்டறைக்காரர்கூடக் கையை விட்டு வேலை செய்யலாம். சிறுவர்களுக்கோ, திருப்பத்தில் பக்கத் தூணிலிருந்து வெளியே நீண்ட ஆரஞ்சு நிறக் கைகாட்டியே பெரிய வேடிக்கை.

எண்ணெய் நெருக்கடியில் பிறந்த மினி

1956இல் சூயஸ் கால்வாய்ப் பிரச்சினையால் பிரிட்டனில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. குறைந்த பெட்ரோலில் ஓடும் அசல் கார் ஒன்று வேண்டும் என்று மோரிஸும் ஆஸ்டினும் இணைந்த பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் தலைவர் லியோனார்ட் லார்ட் கேட்டார். இடையில் ஆல்விஸ் நிறுவனத்துக்குப் போய்த் திரும்பியிருந்த இசிகோனிஸிடம் அந்தப் பொறுப்பு தரப்பட்டது.

பத்தடி நீளம், அதற்குள் பெரியவர்கள் நால்வர் உட்கார வேண்டும். இசிகோனிஸ் இயந்திரத்தைக் குறுக்குவாட்டில் திருப்பி வைத்தார். கியர் பெட்டியை இயந்திரத்தின் அடியிலேயே எண்ணெய்த் தொட்டிக்குள் அடக்கினார். முன்சக்கரங்களே காரை இழுத்தன. சக்கரத்தின் அளவு வெறும் 10 அங்குலம். இப்படிச் சேமித்த இடமெல்லாம் பயணிகளுக்குப் போனது. 1959 ஆகஸ்ட் 26ஆம் தேதி மினி அறிமுகமானது. இன்று உலகச் சாலைகளில் ஓடும் சிறிய கார்களில் பெரும்பாலானவை இயந்திரத்தைக் குறுக்காக வைத்து முன்சக்கரத்தை இயக்குபவைதான். மலேசியரின் கெஞ்சிலும் மைவியும் அதே வழியில் வந்தவையே.

மினியின் சஸ்பென்ஷனில்தான் பழைய ரப்பர் யோசனை மீண்டும் உயிர் பெற்றது. எஃகு வில்லுக்குப் பதிலாக ரப்பர் கூம்புகள். அவற்றை உருவாக்கித் தந்தவர் அலெக்ஸ் மோல்டன் என்ற நண்பர். மோல்டனின் கொள்ளுத் தாத்தா பிரிட்டனின் ரப்பர் தொழில் முன்னோடிகளுள் ஒருவர். மினிக்கென்று தனியாகச் சிறிய டயரைத் தயாரித்தது டன்லப் நிறுவனம். அதே டன்லப்புக்கு மலாயாவில் பெரிய ரப்பர் தோட்டங்கள் இருந்தன.

ஜான் கூப்பர் என்ற பந்தயக் கார் தயாரிப்பாளர் கை வைத்த பிறகு மினி பந்தயக் குதிரையானது. மொண்டி கார்லோ ராலியில் 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் தன்னைவிடப் பெரிய கார்களைத் தோற்கடித்து முதலிடம் பெற்றது.

வெற்றிக்குப் பின்னால் இருந்த குறை

இசிகோனிஸ் பிடிவாதக்காரர். தாம் வரைந்ததே சரி என்று நினைப்பவர். வாடிக்கையாளர் கருத்தைக் கேட்டு வடிவமைப்பதில் அவருக்கு நம்பிக்கை இல்லை. சொகுசான இருக்கையும் வானொலியும் ஓட்டுநரின் கவனத்தைக் கெடுக்கும் என்று கருதினார். அந்தப் பிடிவாதம் நல்ல கார்களைத் தந்தது. சில தவறுகளையும் தந்தது.

முதலில் வந்த மினிகளில் அடித்தகட்டின் இணைப்பு தவறான பக்கம் மடிக்கப்பட்டிருந்ததால் மழையில் தண்ணீர் உள்ளே ஏறியது. ஆண்டு இறுதி அடைமழையைக் காணும் ஜொகூர் போன்ற இடத்துக்கு அது சின்னக் குறை அல்ல. சில மாதங்களில் அது சரி செய்யப்பட்டது. சரி செய்யப்படாத பெரிய குறை விலையில் இருந்தது. போர்ட் நிறுவனத்தார் ஒரு மினியை வாங்கி அக்கக்காகப் பிரித்துக் கணக்குப் போட்டார்கள். ஒவ்வொரு காரையும் தயாரிப்பாளர் நட்டத்துக்கே விற்கிறார் என்ற முடிவுக்கு வந்தார்கள். ஊரெல்லாம் புகழ்ந்த கார், பெற்ற நிறுவனத்துக்குப் போதிய லாபம் தரவில்லை.

1968இல் நிறுவனங்கள் இணைந்து பிரிட்டிஷ் லேலண்ட் உருவானபோது, புதிய நிர்வாகம் அவரைப் பெயரளவிலான ஒரு பதவிக்கு ஒதுக்கியது. மறு ஆண்டு அவருக்கு சர் பட்டம் கிடைத்தது. 1971இல் ஓய்வு பெற்றார். மினிக்குப் பதிலாக அவர் வரைந்து வைத்திருந்த புதிய சிறிய கார் சாலைக்கு வரவே இல்லை. 1988 அக்டோபர் 2ஆம் தேதி பர்மிங்ஹாமில், 81ஆவது வயதில் காலமானார்.

மறையாத தடம்

அவருக்குப் பிறகும் மினி ஓடியது. 2000ஆம் ஆண்டில் பழைய மினியின் உற்பத்தி முடிந்தபோது மொத்த எண்ணிக்கை 53 லட்சத்தைத் தாண்டியிருந்தது. நூற்றாண்டின் சிறந்த காருக்கான 1999ஆம் ஆண்டுத் தேர்வில் போர்ட் மாடல் டி காருக்கு அடுத்த இடம் மினிக்குக் கிடைத்தது. மோரிஸ் மைனர் இன்னும் பல நாடுகளில் ஓடுகிறது. இலங்கையின் காலி நகரில் அதன் உதிரிப் பாகங்கள் செய்யப்பட்டு, அது பிறந்த பிரிட்டனுக்கே ஏற்றுமதியான காலமும் உண்டு.

ஜொகூரில் இந்தக் கார்களைப் பேணுவோரில் தோட்டத்துப் பிள்ளைகளும் உண்டு. தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறிவிட்டன. சில வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயத்து வீடுகளும் பால் ஸ்டோரும் இருந்த இடம் தெரியவில்லை. அந்தக் காலத்துக்குச் சாட்சியாக மிஞ்சியிருப்பவற்றில் ஒரு பழைய மைனரும் ஒன்று. துரு நீக்கி, வண்ணம் பூசி அதை ஓட்டுபவர்கள் காப்பாற்றுவது வெள்ளைக்காரனின் பெருமையை அல்ல. தங்கள் வீட்டுப் பெரியவர்கள் வாழ்ந்த காலத்தை.

தேர்வில் ஒரு பாடம் கைவிட்டதோடு வாழ்க்கை முடிந்துவிட்டது என்று மனம் உடையும் பிள்ளைகளுக்கும் அந்தக் காரைக் காட்டலாம். முன்மூடியில் ஓடும் நான்கு அங்குல மேட்டைக் கணக்குப் போட்டு யாரும் கண்டுபிடிக்கவில்லை. கணக்கில் மூன்று முறை தோற்ற ஒருவர், கண்ணால் அளந்து வைத்தது அது.