மக்கள் தந்த காசில் படம் எடுத்த ஜான் ஆபிரகாம்

கம்போங் ராஜா - தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டி, ஊரே பாய் விரித்து உட்கார்ந்து படம் பார்த்த காலம் நம் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். அப்படித் திடலில் கூடும் மக்களையே தயாரிப்பாளர்களாக்கினார் ஓர் இயக்குநர். அவர்தான் ஜான் ஆபிரகாம்.

கேரளாவின் குட்டநாட்டுக் குடும்பத்தில் 1937 ஆகஸ்ட் 11-இல் பிறந்தவர். ஆயுள் காப்பீட்டுக் கழகத்தில் கிடைத்த நிலையான வேலையை விட்டுவிட்டு, புனே திரைப்படக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே அவருக்கு ஆசானாக அமைந்தவர் வங்காள இயக்குநர் ரித்விக் கட்டக்.

1972-இல் முதல் மலையாளப் படத்தை இயக்கினார். ஆனால், தமிழர்கள் அவரை மறக்க முடியாமல் செய்தது 1977-இல் வந்த 'அக்ரஹாரத்தில் கழுதை'. திரைக்கதை வெங்கட் சாமிநாதனுடையது. இசையமைப்பாளர் எம்.பி.சீனிவாசன் பேராசிரியராக நடித்தார்.

தாயை இழந்த கழுதைக் குட்டியை வளர்க்கும் அந்தப் பேராசிரியர், கேலி தாங்காமல் அதைத் தம் கிராமத்து அக்ரஹாரத்தில் ஓர் ஊமைப் பெண்ணிடம் ஒப்படைக்கிறார். ஊரில் நடக்கும் தீமைகளுக்கெல்லாம் கழுதைமீது பழி விழுகிறது. அதைக் கொன்ற ஊரே, பிறகு அதற்குக் கோயில் கட்ட நினைக்கிறது.

சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது இதற்குக் கிடைத்தது. எதிர்ப்பும் கூடவே வந்தது. தூர்தர்ஷன் ஒளிபரப்புவதாக இருந்து, பின்னர் கைவிட்டது. விருது பெற்ற படத்தைத் தமிழ் மக்களில் மிகச் சிலரே பார்த்தனர்.

எடுத்த படம் மக்களிடம் போய்ச் சேராவிட்டால் என்ன பயன்? இந்தக் கேள்விக்கு ஜான் கண்ட விடைதான் 1984-இல் நண்பர்களோடு தொடங்கிய 'ஒடேசா' இயக்கம். ஊர் ஊராகப் போனார்கள். சாப்ளினின் 'தி கிட்' படத்தைத் திரையிட்டார்கள். பார்த்தவர்களிடம் முடிந்ததைக் கேட்டு வாங்கினார்கள். அப்படிச் சேர்ந்த காசில் உருவானது, ஜானே எழுதி இயக்கிய 'அம்ம அறியான்' (1986).

டில்லிக்குப் புறப்பட்ட ஓர் இளைஞன், வழியில் ஒரு பிணத்தைக் காண்கிறான். இறந்தவனின் தாயிடம் செய்தி சொல்ல வேண்டும். வழிநெடுக நண்பர்கள் ஒவ்வொருவராகச் சேர, அவனது பயணம் ஒரு கூட்டத்தின் பயணமாகிறது. படம் உருவான விதமும் அதுதான். முடிந்த படத்தை, காசு தந்த மக்களிடமே கொண்டுபோய்க் காட்டினார்கள்.

ஜானின் சொந்த வாழ்க்கையோ நிலைகொள்ளவில்லை. குடிப்பழக்கமும் நாடோடி வாழ்வும் அவரைத் தேய்த்தன. 1987 மே 31-இல் கோழிக்கோட்டில் ஒரு கட்டடத்தின் மேலிருந்து விழுந்து இறந்தார். வயது 49. விட்டுச் சென்ற முழுநீளப் படங்கள் நான்கே. எனினும், 'அம்ம அறியான்' தலைசிறந்த இந்தியப் படங்களுள் ஒன்றாக இன்றும் பேசப்படுகிறது.

கேமரன் மலைத் தோட்டங்களில் நம் பாட்டன் பாட்டி கொழுந்து பறித்த கதைகள் இன்னும் எத்தனையோ சொல்லப்படாமல் கிடக்கின்றன. இன்று கைத்தொலைபேசியே படப்பிடிப்புக் கருவி. குறும்படம் எடுக்க ஆசையிருந்தும் பணமில்லையே என்று தயங்கும் நம் இளைஞர்கள், ஜானைப் போல முதலில் ஊர்க்காரர்களின் கதவைத் தட்டிப் பார்க்கலாம். ஆளுக்கு ஐந்து ரிங்கிட் கொடுத்தாலும் அது நம் படம் அல்லவா?