பிடில் தந்தியும் இராமனின் கணக்கும்

ஒளிச்சிதறலை ஆராய்ந்து நோபெல் பரிசு பெற்றவர் என்றே சர் சி. வி. இராமனை உலகம் அறியும். அப்பரிசுக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்னரே அவர் பிடில் தந்தியின் அலைகளைக் கணித்த வரலாறு பலர் அறியாதது.

1888 நவம்பர் 7ஆம் நாள் திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் எம்.ஏ. தேறி, 1907இல் கல்கத்தாவில் நிதித்துறை அதிகாரியானார். பகலெல்லாம் அரசாங்கக் கணக்கு. காலையும் மாலையும் பௌபஜார் தெருவிலிருந்த விஞ்ஞானக் கழகத்தில் தந்திகளின் கணக்கு!

வில் பட்ட தந்தி, வில்லோடு ஒட்டிச் சென்று சட்டென வழுக்கித் திரும்பும் என்பதை ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் முன்னரே கண்டிருந்தார். அஃது ஏன் அவ்வாறு அசைகிறது, வேறு எவ்விதமெல்லாம் அசையக்கூடும் என்பதே இராமன் எடுத்துக்கொண்ட வினா. தந்தியின் இரு முனைகளிலும் மோதி மீளும் அலைகள் வில் தொடும் இடத்தை எப்பொழுது வந்தடைகின்றன என்று கணத்துக்குக் கணம் தொடர்ந்து கணித்தார். தந்தி சிறிதும் விறைப்பற்றது, வில் அதனை ஒரே புள்ளியில் தொடுகிறது எனக் கணக்கை எளிமையாக்கிக்கொண்டார். 1918இல் கழகம் அதனை வெளியிட்டது.

எளிமையாக்கிய கணக்கு மெய்யோடு பொருந்துமா? அதை நம்பிக்கைக்கு விட்டுவிடும் இயல்பினர் அல்லர் அவர். தந்தியின் அசைவைப் புகைப்படமாகப் பதித்து, கணக்கு வரைந்த கோட்டுடன் ஒப்பிட்டார். மனிதக் கை எப்பொழுதும் ஒரே சீராக வில் போடாது. ஆகவே பிடில் வாசிக்க ஓர் இயந்திரமே அமைத்தார். அதில் வில் அசையாது நிற்க, பிடில் முன்னும் பின்னும் ஓடியது! குதிரையை வில் நெருங்க நெருங்க அழுத்தம் மிகவேண்டும் என்பதை 1920இல் அளந்து காட்டினார்.

இதனிடையே, 1917இல் குறைந்த சம்பளத்துக்கு இசைந்து பேராசிரியரானார். 1928இல் பெருங்கண்டுபிடிப்பு, 1930இல் பரிசு, 1933இல் பெங்களூர். அந்நகரிலேயே 1970 நவம்பர் 21இல் மறைந்தார்.

பின்னர் மெக்கின்டயர், வுட்ஹவுஸ் முதலியோர் அதே வழியில் கணினியை ஏவினர். இன்று புத்தளத்துத் தில்லையடியில் இருக்கும் மாணவனும் மென்பொருள்கொண்டு அக்கணக்கைப் போடலாம். ஆனால், காலத்தை எத்துணை நுண்ணிய துளிகளாக வெட்டினாலும், விட்டுவிட்ட இயல்பு விடையில் வந்து சேராது. தந்திக்கு விறைப்பு உண்டு, அது முறுக்கிக்கொள்ளும், வில்லுக்கு அகலம் உண்டு. இவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்தே ஆராய்ச்சி வளர்ந்தது. இவை சேராத எளிய வடிவத்துக்கு அத்துறையினர் வழங்கும் பெயர், இராமன் மாதிரி.